அசிங்கமாகவே அனுப்புங்கள்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு லேப் அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். "ஒண்ணுகூட நகரல," என்றார்.

வேறு துளி எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். தொட்டியின் அந்தக் கோடிக்கு நானே ஓடிப்போய் இன்னொரு துளி மொண்டு வந்தேன். அதையும் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "நீங்களே பாத்துக்குங்க," என்று எழுந்துகொண்டார். பதினோரு வருடமாகத் தினமும் காலையில் அந்தக் கண்ணாடித் துண்டில் ஓடுவதையும் ஊர்வதையும் சுருங்கி விரிவதையும் எண்ணிச் சத்தமாகச் சொல்பவர் அவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதுவேன். அன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் மழை பெய்து நாலு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் பெய்ததையும் மழை என்று சொன்னால் மழைக்கே சிரிப்பு வரும். ஆழ்துளைக் கிணறுகளில் வருவது உப்புக் கரைசல். அதனால் தொள்ளாயிரம் வீடுகளின் கழிவறையும் குளியலறையும் சமையலறையும் அனுப்புகிற தண்ணீரை நாங்கள் பிடித்துச் சுத்தம் செய்து, அதே தொள்ளாயிரம் வீடுகளுக்குத் திருப்பி அனுப்புகிறோம். குடிக்கத்தான். வெளியூர்க்காரர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நாங்களும் ஆரம்பத்தில் சுளித்தவர்கள்தான். சுளித்துச் சுளித்து அலுத்துப்போய்க் குடிக்க ஆரம்பித்துவிட்டோம்.

நிலையத்தில் பார்க்கப் பளபளப்பான சாமான்கள் நிறைய உண்டு. வடிகட்டும் சவ்வுகள், உப்பைப் பிரிக்கும் வெள்ளைக் குழாய்கள், கிருமியைக் கொல்லும் நீல விளக்கு. பார்வையிட வருகிற அதிகாரிகள் அவற்றின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வேலையில் முக்கால்வாசியைச் செய்வது முதல் தொட்டியில் புரளும் காப்பி நிறச் சேறு. அதற்குள் கோடி கோடியாக உயிர்கள். நாம் அனுப்புகிற அசிங்கம்தான் அவற்றுக்குச் சோறு. நாங்கள் கீழேயிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்போம். அவை தின்றுகொண்டே இருக்கும். அவை செத்தால் அம்மோனியா ஏறும், சவ்வு அடைத்துக்கொள்ளும், கடைசியில் இருக்கிற தானியங்கி வால்வு தண்ணீரை ஊருக்கு விடாமல் மணல் குட்டைக்குத் திருப்பிவிடும். அந்த வால்வு யார் சிபாரிசுக்கும் மசியாது.

பத்து மணிக்கு வால்வு திரும்பியது. ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டிய அம்மோனியா பதினேழில் நின்றது. மேட்டுத் தொட்டியில் சேமிப்பு இருந்தது. வீட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று குடம் என்று கட்டிப்போட்டால் அடுத்த வாரம் கழிந்து வருகிற திங்கள் வரை தாங்கும்.

வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கே இருக்கும் அதிகாரி நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

"ஜனங்கள தாகத்துல விட முடியாதுங்க," என்றார். "தினமும் அம்மோனியா நம்பரச் சொல்லிடுங்க. வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானே கூப்பிடறேன். நம்பர் இறங்கியிருந்தா ஊர அப்படியே விட்டுடலாம். இல்லன்னா சனிக்கிழமை பஸ் வரும். எல்லாரையும் நகரத்து முகாமுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம். தற்காலிகமாத்தான்."

தற்காலிகம் எங்களுக்குப் பழக்கமான வார்த்தை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊரை ஆறு வருடம் முன்பு அப்படித்தான் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஒரே மாதம், திரும்பிவிடலாம் என்றார்கள். இப்போது அங்கே வீடுகளுக்குக் கதவுகூடக் கிடையாது. பள்ளிக்கூடத்து மணி எங்கள் ஊர் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தது.

என் மனைவி இந்த ஊரில் பிறந்தவள். நான் வேலைக்கு வந்த இடத்தில் அவளைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவன். அதனால் ஊர் மொத்தமும் என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடும். முதுகுக்குப் பின்னால் சாக்கடை மாப்ளே. அன்றைக்கு மதியம் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அவள் நின்றாள்.

"எங்க ஊரு இருக்குமா, இருக்காதா? அத மட்டும் சொல்லுங்க. மத்த கதையெல்லாம் வேணாம்."

"இருக்கும்."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செத்த தொட்டி தானாக உயிர்பெற ஒரு மாதமாவது ஆகும். எங்களிடம் ஒன்பது நாள்தான் இருந்தது. ஒரே வழி, வேறு ஊர் நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து ஊற்றுவது. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். உறை நன்றாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் தொட்டி பிடித்துக்கொள்ளும். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு நிலையம் இருக்கிறது. அதன் கண்காணிப்பாளரிடம் கெஞ்சியதில், மேலிடத்தில் அனுமதி வாங்கி ஒரு லோடு தருவதாக ஒப்புக்கொண்டார். கொண்டுவர வண்டி வேண்டும். ஊரில் இருக்கிற ஒரே டேங்கர் லாரி என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணனுடையது.

நிலையம் வருவதற்கு முன்னால் பதினெட்டு வருடம் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து இந்த ஊருக்கு ஊற்றியவர் அவர். நான் வந்து வால்வைத் திறந்த நாளில் அவர் பிழைப்பில் மண் விழுந்தது. ஆனாலும் தங்கையைக் கொடுத்தார். ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. இப்போது சாலை வேலைகளுக்குத் தண்ணீர் அடித்துக் காலம் தள்ளுகிறார். அந்த லாரியை அவர் வைத்திருக்கிற சுத்தத்துக்குப் பல வீடுகளில் சமையலறைகூட இருக்காது. தண்ணீர் தவிர வேறெதையும் அதில் ஏற்றியது கிடையாது. ஒருமுறை எண்ணெய் ஏற்ற வண்டி கேட்டு வந்தவனைத் தெரு முனை வரை துரத்தினார்.

அவரிடம் எப்படிக் கேட்பதென்று தெரியாமல் சுற்றி வளைத்துப் பேசினேன். உயிரியல், தொட்டி, உறை என்று என்னென்னவோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ன மாப்ளே, என் வண்டியில பீ ஏத்தணும். அவ்வளவுதானே?" என்றார்.

"ஆமா மச்சான்."

"இல்லன்னா ஊரு போயிடும்."

"போயிடும்."

துணியால் முன்கண்ணாடியைத் துடைத்து முடித்தார். "திங்கக்கிழமை விடிஞ்சதும் கிளம்பறேன்," என்றார்.

காற்று அடிக்கும் கம்ப்ரஸரை லாரியில் கட்டினோம். டேங்குக்குள் குழாய் விட்டோம். வழியெல்லாம் காற்று நிற்கக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்கேயும் வண்டி நிற்கக் கூடாது, நின்றாலும் நிழலில் நிற்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். காகிதத்தில் எழுதியும் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

உயிர்கள் எதனால் செத்தன என்று தெரியாமல் புதிதாகக் கொண்டுவந்து ஊற்றிப் பயனில்லை. எவனோ ஒருத்தன் எதையோ சாக்கடையில் கொட்டியிருக்கிறான் என்று எனக்கு நிச்சயம். பேட்டரிக் கடைக்காரன் மேல் சந்தேகம், பெயின்ட் கடைக்காரன் மேல் அதைவிடச் சந்தேகம். திங்கள் காலை கடப்பாரையோடு கிளம்பினேன். குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் மூடியைத் திறந்தால் எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கமாகவே போனால் ஆள் சிக்கிவிடுவான். அவனை என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

முதல் மூடியைத் திறந்தேன். நாற்றம் இல்லை. ஆஸ்பத்திரி வாசம் அடித்தது.

இடது பக்கத் தெருவில் திறந்தேன், அதே வாசம். வலது பக்கத்தில் திறந்தேன், அங்கேயும் அதே. பள்ளிக்கூடத் தெரு, கடைத்தெரு, மேட்டுத் தெரு என்று வெயிலில் முப்பது மூடி திறந்தேன். ஒரு சாக்கடையில்கூடச் சாக்கடை நாற்றம் இல்லை. உள்ளங்கை கொப்பளித்துப்போய், கடைசி மூடி பக்கத்தில் இருந்த வீட்டுத் தையல்காரம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். அவர் தன் மூன்று குடத்திலிருந்து எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். கை கழுவ உள்ளே போனவன் கழிவறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். சுவரோரம் ஐந்து கிருமிநாசினி டப்பா. பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை.

"என்னம்மா இது?"

"பாத்துட்டீங்களா?" என்று வெட்கத்தோடு சிரித்தார். "காலைல ரெண்டு மூடி, சாயங்காலம் ரெண்டு மூடி. பவுடரு தனி. பதினஞ்சு நாளா ஒரு வேளைகூட விடல மாப்ளே. எங்க வீட்டுலேந்து போறது பளிங்கு மாதிரி போகும்."

"யாரு ஊத்தச் சொன்னது?"

"நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன். அதற்கு முந்தைய வாரம் பள்ளிக்கூடத்தில் நாலு குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் வந்தது. ஊர் என் தண்ணீர் மேல் பழி போட்டது. பரிசோதனைக் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். தண்ணீர் சுத்தம் என்று ஆதாரத்தோடு காட்டினேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "எவன் வீட்டுப் பீய எங்க பிள்ளைக்குக் குடுத்தே?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. மேஜையை அடித்துக் கத்தினேன்: "நீங்க அனுப்பறதுதான் உங்களுக்குத் திரும்பி வருது! ஒழுங்கா அனுப்புங்க, ஒழுங்கா வரும்!" நான் சொன்னது கந்தல் துணியையும் எண்ணெயையும் பிளாஸ்டிக்கையும் போடாதீர்கள் என்று. அதைச் சொல்லவில்லை. கத்திவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஊரே சுத்தம் செய்து அனுப்ப ஆரம்பித்திருக்கிறது. ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. அதெல்லாம் வெளியே சொல்லுகிற விஷயமா? ஒவ்வொரு வீடும் தானாக, ரகசியமாக, இரண்டு வேளையும் ஊற்றியிருக்கிறது. என் தொட்டியில் உயிரோடு இருந்ததையெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கொன்றிருக்கிறது.

"நம்ம வீட்டு அசிங்கம் பக்கத்து வீட்டுக் குழந்தை வாயில போகக் கூடாதுல்ல?" என்றார் தையல்காரம்மா.

நான் திட்டத் தயாராக வந்த ஆள் அவர்தான். என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. அங்கேயே வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். என் வாய் இருக்கிறதே, அதைத் தைக்கச் சொல்லி அந்த அம்மாவிடமே கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நம்ம வீட்டுலயுமா?" என்று கேட்டேன்.

"நம்ம வீடு மட்டும் என்ன வானத்துலேந்து குதிச்சதா?" என்று மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினாள். பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "எத்தனை வீட்டுக்குச் சொல்லணும்?" என்றாள்.

தொள்ளாயிரம். பாதி அவள், பாதி நான். திங்கள் மதியத்திலிருந்து புதன் சாயங்காலம் வரை கதவு கதவாகத் தட்டினோம். நான் வாழ்நாளில் இத்தனை பேரிடம் கைகூப்பியதில்லை.

"அப்போ அசிங்கமாவே அனுப்பணுங்கிறீங்களா?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்.

"ஆமாய்யா. அசிங்கமாவே அனுப்புங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன், ஒரு சொட்டுக்கூட மருந்து ஊத்தாதீங்க."

"அன்னிக்கு ஒழுங்கா அனுப்புன்னு மேஜையத் தட்டினீங்க."

"அன்னிக்கு எனக்குப் புத்தி இல்ல."

"இன்னிக்கு இருக்கா?"

இருக்கிறது என்று அவரிடம் உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் டப்பாவைக் கொடுத்தார். எல்லோரும் கொடுத்தார்கள். சிலர் அழுதார்கள், தாங்கள்தான் கொன்றோம் என்று. சலூன்காரர் கத்திகளைக் கழுவும் மருந்தைத் தனி வாளியில் பிடித்து மணலில் ஊற்றுவதாகச் சொன்னார். நிலையத்துக் கொட்டகையில் டப்பாக்கள் மலையாகக் குவிந்தன.

புதன் சாயங்காலம் கடைத்தெரு மூடியைத் திறந்தேன். குப்பென்று நாறியது. பக்கத்தில் நின்ற என் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐந்து நாளில் முதல் தடவையாக இருவரும் சிரித்தோம். பாதை சுத்தம். இனிமேல் சேறு வந்து சேர்ந்தால் போதும்.

அன்று ராத்திரி மச்சான் போன் செய்தார். இரண்டு நாள் காத்திருந்து அனுமதி வந்து லோடு ஏற்றிவிட்டார். "நல்லா கெட்டியா இருக்கு மாப்ளே. இங்க இருக்கற அம்மா ஒரு சொட்ட எடுத்து கண்ணாடியில காமிச்சாங்க. அடேயப்பா, என்ன துள்ளு துள்ளுது!"

"காத்து ஓடிட்டே இருக்கா மச்சான்?"

"ஓடுது. எல்லாம் எனக்குத் தெரியும், நீங்க கவலைப்படாதீங்க."

நான் கவலைப்படவில்லை. தொள்ளாயிரம் வீட்டுக்குச் சொன்னேன். திங்கள் விடிந்ததும் ஊரைவிட்டுப் போன அவர் ஒருத்தருக்குத்தான் எதுவும் தெரியாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

வியாழன் மதியம் ஒரு மணிக்கு லாரி வந்தது. நிலையத்து வாசலில் பாதி ஊர் நின்றது. வழியில் தூசி பறக்கிற சாலை முந்நூறு கிலோமீட்டர்; ஆனாலும் லாரி பளபளவென்று இருந்தது. மச்சான் இறங்கியதும் யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். என் மனைவி அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். அவருக்கு முகமெல்லாம் பெருமை. பிழைப்பைப் பறித்த நிலையத்துக்கே தண்ணீர்க்காரர் உயிர் கொண்டுவந்திருக்கிறார் என்றால் சும்மாவா?

நான் குழாயை மாட்டப் போனேன். லேப் அக்கா தடுத்தார். "முதல்ல ஒரு சொட்டு பாத்துடலாம்."

மேலே ஏறி மூடியைத் திறந்தேன். அதே ஆஸ்பத்திரி வாசம்; மூன்று நாளில் எனக்கு அது மனப்பாடம். போத்தலில் மொண்டு அக்காவிடம் கொடுத்தேன். அவரும் முகர்ந்தார். என்னைப் பார்த்தார். இருவரும் லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

மூன்று துளி பார்த்தார். "எல்லாம் இருக்கு," என்றார் மெதுவாக. "குடை மாதிரி இருக்கறது, உருண்டை, நீளம், எல்லாம் நிறைய இருக்கு. எதுவும் நகரல."

மச்சான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, ஊத்தலாமா?"

வெளியே வந்தேன். முந்நூறு பேர் என் வாயைப் பார்த்தார்கள். அந்த மனுஷனை அவர்கள் முன்னால் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. "அந்த ஊருச் சேறு சரியில்ல," என்றேன். "நமக்கு ஒத்து வரல."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. மச்சான் மட்டும் அசரவில்லை.

"அதுக்கென்ன? இப்பவே திரும்பப் போறேன். டீசல் போட்டா போதும்," என்றார். "நான் அப்பவே நெனச்சேன் மாப்ளே, மருந்து பத்தாதுன்னு. நம்ம ஊரு குடிக்கப் போற தண்ணியாச்சே, அப்படியே எப்படிக் கொண்டாறதுன்னு ரெண்டு மூட்டை பவுடரு கலக்கினேன். இந்தத் தடவ அஞ்சு மூட்டை போட்டு சுத்தமா கொண்டாந்துடறேன்."

தொள்ளாயிரம் வீட்டுக்கும் விஷயம் தெரியும். எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. அவருக்கு மட்டும் புரியவில்லை. ஏன் இத்தனை பேரும் தரையைப் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கையைப் பிடித்து லாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. கூட்டத்தில் நான் கத்தியது, தையல்காரம்மா வீடு, டப்பாக்கள், அவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது, எல்லாம் சொன்னேன். என்னை அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எவ்வளவு இருந்திருக்கும் மாப்ளே? உசுரு?"

"எண்ண முடியாது மச்சான்."

"அந்தம்மா காமிச்சாங்களே," என்றார். "துள்ளிச்சே." பின்சக்கரத்தில் சாய்ந்து, ஐம்பத்தெட்டு வயது ஆள், தோளெல்லாம் குலுங்க அழுதார். நானும் அழுதேன். இருவருக்கும் முகம் கழுவக்கூடத் தண்ணீர் கேட்க வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்தார். வால்வைத் திறந்து அத்தனையையும் மணலில் விட்டார். பன்னிரண்டாயிரம் லிட்டர் காலடியில் ஓடி உறிஞ்சிப்போவதை ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. "நான்தான் கொன்னுட்டேன்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "நாங்களும்தான் ஊத்தினோம்," என்றார் தையல்காரம்மா.

அந்த ஊர் நிலையத்துக்கு நாலு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. முதல் லோடு கொடுத்தபோதே, தங்கள் தொட்டி மெலிந்துவிடும், இனிமேல் கேட்காதீர்கள் என்று அந்தக் கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார்.

"குடுக்கலன்னா அவங்க வாசல்லயே படுத்துடுவேன்," என்றார் மச்சான். லாரியில் ஏறிப் பாதியில் நின்றார். "யாராவது கூட வாங்க. என் கைய நம்பி அனுப்பாதீங்க."

என் மனைவி செருப்பைக்கூட மாற்றிக்கொள்ளாமல் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். நாலு மணிக்கு லாரி கிளம்பியது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் வெள்ளி மாலைக்குள் திரும்பலாம். சேறு பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று நாள். தண்ணீர் திங்கள் வரை.

அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

சரியாக ஐந்து மணிக்குப் போன் அடித்தது. லேப் அக்கா பதிவேட்டை என் முன்னால் நகர்த்தி வைத்தார். அன்றைய அம்மோனியா எண்ணை அதில் எழுதியிருந்தார்: முப்பத்திமூன்று.

"சேறு வந்துச்சா?" என்று கேட்டார் அதிகாரி.

"வந்துச்சு சார்."

"நேத்து முப்பத்தொண்ணு சொன்னீங்க. இன்னிக்கு?"

பதினோரு வருடத்தில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. தாமதமாகச் சொல்லியிருக்கிறேன், கத்திச் சொல்லியிருக்கிறேன், பொய்யாகச் சொன்னதில்லை. முப்பத்திமூன்று என்று சொன்னால் சனிக்கிழமை பஸ் வரும். எல்லோரும் பிழைப்பார்கள், ஊர் போய்விடும். வேறு எண் சொன்னால் பஸ் வராது. லாரி வெறுங்கையோடு திரும்பினால் திங்கள்கிழமை இந்தத் தொள்ளாயிரம் வீட்டுக் குழந்தைகளுக்கு என்ன கொடுப்பேன்? இதெல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தேன். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் யாரும் எனக்காகப் பேச வேண்டாம்.

"பத்தொன்பது சார்."

"அட, நல்லா இறங்கிடுச்சே! அப்போ பஸ்ஸ நிறுத்திடவா?"

"நிறுத்திடுங்க சார்."

"சந்தோஷம். வேற ஒரு ஊருல கேட்டுட்டே இருக்காங்க, அங்க அனுப்பிடறேன். இனிமே கேட்டாலும் ஒரு வாரத்துக்கு வண்டி கிடைக்காது. பரவாயில்லையே?"

"பரவாயில்ல சார்."

போனை வைத்தேன். லேப் அக்கா பேனாவை மூடி மேஜையில் வைத்தார். பதிவேட்டில் முப்பத்திமூன்று அப்படியே இருந்தது. அவர் அதை அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

வாசலில் இன்னும் நூறு பேர் நின்றார்கள். "பஸ் வராது," என்றேன். ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு சலூன்காரர் விசில் அடித்தார். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். செய்தியைச் சொல்லத் தெருத்தெருவாக ஓடினார்கள்.

தையல்காரம்மா மட்டும் போகவில்லை. இடுப்பில் காலிக் குடத்தோடு பக்கத்தில் வந்தார்.

"பஸ் இல்லன்னா, அப்போ தண்ணி அனுப்பறாங்களா மாப்ளே?"

"இல்லம்மா."

"நாள் கூட குடுத்திருக்காங்களா?"

"இல்ல."

"பின்ன எப்படி விட்டாங்க?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாப்ளே," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் போன வழியே நடந்தார்.

சொல்லுங்கம்மா, எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லுங்க என்று கத்த வேண்டும் போல் இருந்தது. நான் கத்தவில்லை.